ஏபிஐ பதிலைப் பார்த்துத் தானாக டைப் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மென்பொருள் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. ஏபிஐ என்பது ஓர் ஆப் சேர்வரிடம் தரவு கேட்டு வாங்கும் வழி. டைப் என்பது அந்தத் தரவின் ஒவ்வொரு ஃபீல்டும் (பெயரிட்ட ஒவ்வொரு பகுதியும்) எழுத்தா எண்ணா என்று கோடில் எழுதி வைக்கும் விவரம். பெரும்பாலும் டைப்ஸ்கிரிப்டை (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) வைத்தே பேசுகிறேன். ஃப்ளட்டர், கோட்லின், ஜாவா பக்கம் விஷயம் மாறும் இடங்களில் தனியே சொல்லியிருக்கிறேன்.

ஏபிஐ ரெஸ்பான்ஸ்ல இருந்து டைப் எடுக்கிறது எண்டா உண்மையில என்ன நடக்குது?

சேர்வர் அனுப்பிய ஜேசனை (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) ஒரு கருவியிடம் கொடுக்கிறீர்கள். அது ஒவ்வொரு ஃபீல்டாகப் பார்த்து, இது எழுத்து, இது எண், இதற்குள் இன்னொரு ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் மொழியில் இன்டர்ஃபேஸாகவோ கிளாஸாகவோ எழுதித் தருகிறது. வெள்ளவத்தையில் ஒரு மளிகைக் கடையின் ஏபிஐ இப்படிப் பதில் தருகிறது என்று வையுங்கள்:

```
{
  "பொருள்": "உளுத்தம்பருப்பு 1 கிலோ",
  "விலை": 1450,
  "கிளை": { "இடம்": "வெள்ளவத்தை", "தபால்குறி": "00600" },
  "சலுகை": null,
  "குறிச்சொற்கள்": []
}
```

பொருள் ஸ்ட்ரிங் (எழுத்து), விலை எண், கிளை தனி இன்டர்ஃபேஸ் என்று கருவி எழுதிவிடும். சலுகைக்கு நல் (null, மதிப்பு இல்லை) என்று மட்டும் போடும். குறிச்சொற்கள் ஏதோ ஒன்றின் அரே (பட்டியல்). எதன் அரே என்று அதற்குத் தெரியாது. இந்த ஐந்து வரிக்குள்ளேயே கீழே வரும் கேள்விகளில் பாதி ஒளிந்திருக்கிறது. ஃபீல்ட் பெயர்களைத் தமிழில் எழுதியது விளக்கத்துக்காக மட்டும் அல்ல. ஜேசனும் டைப்ஸ்கிரிப்டும் தமிழ் எழுத்துப் பெயர்களை உண்மையாகவே ஏற்கும்.

நாலு ஃபீல்ட்தானே, கையால எழுதினா என்ன?

நாலு ஃபீல்ட் என்றால் எழுதுங்கள், ஒரு குறையும் இல்லை. நாற்பது ஃபீல்டும் மூன்று அடுக்கும் வரும்போதுதான் கை தவறுகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கம்பைலர் (கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் நீங்கள் எழுதிய பெயரைத்தான் அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. திரையில் அந்த இடம் வெறுமையாக வரும்போதுதான் தெரியும். கருவி இந்த எழுத்துப்பிழையை முற்றாக ஒழிக்கிறது. அதன் முதல் பயன் அதுதான்.

எந்த டூல் நல்லது?

ஜேசனிலிருந்து எடுக்க குவிக்டைப்பைச் சொல்வேன். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு எழுதித் தரும். பல சாம்பிள்களைச் சேர்த்துப் படிக்கும். விஎஸ் கோடிலும் நீட்சியாகக் கிடைக்கிறது. சி ஷார்ப் ஆட்களுக்கு விஷுவல் ஸ்டுடியோவின் எடிட் மெனுவில் ஜேசனை கிளாஸாக ஒட்டும் வசதியே இருக்கிறது. எஃப் ஷார்ப் மொழியில் இன்னும் ஒரு படி மேலே போய், சாம்பிள் ஃபைலைக் காட்டினால் கம்பைல் நேரத்திலேயே டைப் உருவாகிவிடும். அதற்கான டைப் புரொவைடர் ஏற்பாடு 2012இல் வந்தது.

நம் ஊரில் பிறந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2005இல் இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரினா மொழியின் முதல் முழுப் பதிப்பு 2019இல் வெளிவந்தது. சேர்வர்களுக்கிடையே தரவு போய்வருவதையே மையமாக வைத்து அமைத்த மொழி அது. ஜேசனை ஒட்டினால் ரெக்கோர்டாக (ஃபீல்ட்களைப் பட்டியலிடும் அதன் டைப்) மாற்றித் தரும் வசதி அதன் எடிட்டர் நீட்சியிலேயே உண்டு. வேலைக்கு அதைப் பயன்படுத்தாவிட்டாலும் ஒரு பின்னேரம் திறந்து பாருங்கள். தெரியாத ஃபீல்ட் வந்தாலும் ஏற்கும் ரெக்கோர்ட், ஏற்காத ரெக்கோர்ட் என்று அதில் இரண்டு வகை உண்டு. அந்த வித்தியாசம் பிடிபட்டால் டைப் பற்றிய உங்கள் யோசனையே தெளிவாகும்.

அண்ணா, ஒரு சாம்பிள் போதும்தானே?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கருவி எழுதும் டைப், நீங்கள் காட்டிய சாம்பிளின் உருவம். சேர்வர் எதை அனுப்பும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. காட்டாத ஒன்றைக் கருவி கண்டுபிடிக்காது.

இலங்கையில் இது எங்கே உறைக்கும் என்றால், மும்மொழி ஏபிஐகளில். பொருளின் பெயருக்கு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று ஃபீல்ட் இருக்கும். சாம்பிளாக நாம் எடுப்பது பட்டியலின் முதல் பொருள். அதை யாரோ கவனமாக நிரப்பியிருப்பார்கள், மூன்று பெயரும் இருக்கும், மூன்றும் ஸ்ட்ரிங் என்று டைப் வந்துவிடும். கீழே போனால் முந்நூறாவது பொருளுக்குத் தமிழ்ப் பெயர் நல். அந்த ஆப்பைத் தமிழில் திறக்கிறவருக்கு மட்டும் பக்கம் உடைகிறது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்க்கிற யாருக்கும் அது தெரியவே தெரியாது. நம்முடைய ஆட்களின் திரை உடைந்து கிடப்பது கடைசியாகத்தான் கவனத்துக்கு வரும் என்பதால் இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன்: சாம்பிள் எடுக்கும்போது தமிழ் ஃபீல்ட் வெறுமையாக உள்ள பதிவு ஒன்றைத் தேடி எடுத்துச் சேர்த்தே தீர வேண்டும்.

எண்ணிக்கையைவிட வகை முக்கியம். ஒரே மாதிரியான நூறு பதிவைவிட வித்தியாசமான ஆறு பதிவு மேல்: எல்லாம் நிரம்பிய ஒன்று, எல்லாம் வெறுமையான ஒன்று, மிகப் பழையது, மிகப் புதியது, ரத்தானது, பிழைப் பதில் ஒன்று. பழைய பதிவை விட்டுவிடாதீர்கள். டேட்டாபேஸில் பின்னால் சேர்ந்த ஃபீல்ட்கள் அதில் இருக்காது.

நல் வாறதும் ஃபீல்டே இல்லாமப் போறதும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு, டைப்பிலும் வேறாகவே எழுத வேண்டும். சில சாம்பிளில் ஃபீல்டே இல்லையென்றால் கருவி பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போடும். ஃபீல்ட் இருந்து மதிப்பு நல் என்றால் யூனியனில் (இதுவோ அதுவோ என்று பல டைப்பைச் சேர்த்து எழுதுவது) நல்லைச் சேர்க்கும். முதல் கேள்வியில் உள்ள சலுகை மாதிரி எல்லாச் சாம்பிளிலும் நல்லாகவே இருந்தால், சலுகை வரும்போது அது எண்ணா ஸ்ட்ரிங்கா என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. சலுகை உள்ள பொருள் ஒன்றைத் தேடிக் காட்டத்தான் வேண்டும்.

படிக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கையாண்டு தப்பிக்கலாம். எழுதும்போது முடியாது. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த மேர்ஜ் பாட்ச் (பதிவின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும்) முறையில் நல் அனுப்பினால் அந்த ஃபீல்டை அழி என்று அர்த்தம். ஃபீல்டை அனுப்பாவிட்டால் அதைத் தொடாதே என்று அர்த்தம். இரண்டையும் குழப்பினால் வாடிக்கையாளரின் விலாசம் அழிந்துபோகும். டைப்ஸ்கிரிப்ட் 4.4இல், ஃபீல்டே இல்லாததையும் அன்டிஃபைன்ட் (undefined) என்ற மதிப்போடு இருப்பதையும் கண்டிப்பாகப் பிரித்துப் பார்க்கும் செட்டிங் ஒன்று வந்தது. புதிய புரொஜெக்ட் என்றால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

வெறும் அரே வந்தா ஏன் எனி எண்டு போடுது?

எனி என்றால் எந்த டைப்பும் வரலாம் என்று அர்த்தம். உள்ளே ஒன்றும் இல்லாததால் எதன் அரே என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். நிரம்பிய சாம்பிள் ஒன்றைச் சேர்த்தால் தீரும்.

பேக்எண்ட் (சேர்வர் பக்கக் கோட்) பிஎச்பி மொழியில் என்றால் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. பிஎச்பியில் பட்டியலும் பெயர்-மதிப்பு அரேயும் ஒரே இனம். நிரம்பியிருக்கும்போது ஆப்ஜெக்டாக வரும் அதே ஃபீல்ட், காலியானதும் சதுர அடைப்புக்குறியோடு வெறும் அரேயாக வந்து நிற்கும். கருவி ஆப்ஜெக்ட் அல்லது அரே என்று யூனியன் எழுதினால் அது பிழையல்ல, சேர்வர் உண்மையிலேயே அப்படித்தான் அனுப்புகிறது. பேக்எண்ட் ஆட்களிடம் சொல்லி, காலியாக இருக்கும்போதும் ஆப்ஜெக்டாக அனுப்பச் செய்யுங்கள். ஒரு வரி மாற்றம்தான்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு ஸ்ட்ரிங் அல்லது நம்பர் எண்டு வருது. எது சரி?

இரண்டும் வருகிறது என்பதுதான் கருவி சொல்லும் செய்தி. நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் வெறும் பன்னிரண்டு எண். பேக்எண்டில் எங்கோ, எண்ணாக மாற்ற முடிந்தால் மாற்று என்ற வரி இருக்கிறது. பழைய அட்டைக்காரருக்கு ஸ்ட்ரிங்கும் புதிய அட்டைக்காரருக்கு நம்பரும் வருவது அதனால்தான்.

கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல, எத்தனை இலக்கம் இருந்தாலும். அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு, தபால்குறி எல்லாம் ஸ்ட்ரிங்தான். கொழும்பு 6இன் தபால்குறி 00600. எண்ணாக்கினால் 600 ஆகிவிடும். 077இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை ஜேசனில் எண்ணாக எழுதவே முடியாது, முன்னால் பூச்சியம் வரும் எண்ணை ஜேசன் ஏற்பதில்லை. சில கருவிகளில் எண் போன்ற ஸ்ட்ரிங்கைக் கண்டால் எண்ணாக்கும் வசதி உண்டு. குவிக்டைப்பில் அதை நிறுத்தத் தெரிவு இருக்கிறது. நிறுத்திவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

நம்பர் எண்டு சரியாத்தான் வந்தது, ஆனா ஐடியோட கடைசி இலக்கம் மாறிப்போகுது?

ஜாவாஸ்கிரிப்டின் எண் பிசகாமல் தாங்கும் முழு எண்ணின் எல்லை 9007199254740991. அதைத் தாண்டிய ஐடி ஜேசனைப் பிரிக்கும்போதே வட்டமாக்கப்படும்: 9007199254740993 என்று அனுப்பினால் 9007199254740992 என்று கிடைக்கும். டைப் சரி, மதிப்பு பிழை. சேர்வரே ஸ்ட்ரிங்காக அனுப்புவதுதான் சுத்தமான வழி.

ஃப்ளட்டர் ஆப்ல விலை சில பொருளுக்கு மட்டும் எரர் அடிக்குது, மற்றதுக்கு ஓகே. ஏன்?

சாம்பிளில் 1450.50 என்று இருந்திருக்கும். விலைக்கு டபிள் (பின்ன எண்) என்று டைப் வந்திருக்கும். சரியாக 1450 ரூபா விலையுள்ள பொருள் வந்ததும் ஃப்ளட்டரின் மொழியான டார்ட் அதை இன்ட் (முழு எண்) என்று பிரிக்கிறது. டபிள் என்று காஸ்ட் செய்யும் வரி அங்கே விழுகிறது. ஜேசனில் முழு எண், பின்ன எண் என்ற பேதமே கிடையாது, ஆனால் டார்ட், ஜாவா, சி ஷார்ப் எல்லாவற்றிலும் உண்டு. பிஎச்பி இயல்பாகவே 1450.0 என்பதை 1450 என்று சுருக்கி அனுப்பும். டார்ட்டில் நம் (num, இரண்டு வகை எண்ணும்) என்று வாங்கி, பிறகு டபிளாக மாற்றுங்கள். டைப்ஸ்கிரிப்டில் இரண்டும் நம்பர்தான், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

திகதியை ஏன் ஸ்ட்ரிங் எண்டு போடுது? அது டேட் தானே?

ஜேசனில் உள்ளது ஸ்ட்ரிங், எண், உண்மை-பொய், நல், அரே, ஆப்ஜெக்ட் மட்டுமே. திகதி என்ற இனம் இல்லை. சில கருவிகள் வடிவத்தைப் பார்த்து ஊகித்து டேட் என்று போடும். ஆனால் டைப்பில் டேட் என்று எழுதிவிட்டால் மதிப்பு தானாக டேட்டாக மாறாது. மாற்றும் கோடும் சேர்ந்து வந்தால்தான் அதில் அர்த்தம் உண்டு. நான் ஸ்ட்ரிங்காகவே விட்டு, தேவையான இடத்தில் மாற்றுவேன்.

அதிலும் வெறும் திகதியை நேரத்தோடு கலக்காதீர்கள். 2024 தைப்பொங்கல் ஜனவரி 15. டெலிவரி நாளாக அதைத் தேர்ந்தால், கொழும்பு நேரத்தின் 15ஆம் திகதி நள்ளிரவு டேட் ஆப்ஜெக்டாக உருவாகும். அதை ஐஎஸ்ஓ வடிவில் அனுப்பும்போது ஐந்தரை மணி பின்னால் போய் 14ஆம் திகதி 18:30 என்று சேர்வரைச் சேரும். பொங்கல் சாமான் ஒரு நாள் முன்னாலேயே வீட்டுக்கு வந்து நிற்கும்.

ஸ்டேட்டஸுக்கு ஈனம் வருது. அதை அப்பிடியே விடலாமா?

ஈனம் (enum) என்பது வரக்கூடிய மதிப்புகளின் மூடிய பட்டியல். சாம்பிளில் ஏற்கப்பட்டது, அனுப்பப்பட்டது, கொடுக்கப்பட்டது என்று மூன்று இருந்தால் கருவி மூன்றோடு பட்டியலை மூடிவிடும். முதல் ஆள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நான்காவது வார்த்தை வரும். டார்ட், ஜாவா, சி ஷார்ப் என்றால் பெரும்பாலும் பிரிக்கும் இடத்திலேயே விழும். டைப்ஸ்கிரிப்ட் என்றால் ஸ்விட்ச் எதிலும் சிக்காமல் திரை வெறுமையாகும். முழுப் பட்டியலை பேக்எண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் ஸ்ட்ரிங் என்று விட்டு, தெரியாதது என்ற கிளையையும் எழுதி வையுங்கள்.

தபால்குறி ஒவ்வொண்டும் தனி ஃபீல்டா வந்திருக்கு! என்ன செய்யிறது?

00600க்கு ஒரு கட்டணம், 01300க்கு ஒரு கட்டணம் என்று சாவியையே தரவாக வைத்து சேர்வர் அனுப்பியிருக்கிறது. அது மேப், கருவி அதை நிலையான ஃபீல்ட்கள் என்று எடுத்துக்கொண்டது. குவிக்டைப் இதை ஊகிக்க முயலும். சாவிகள் இயல்பான ஃபீல்ட் பெயர் போல இருக்கின்றனவா என்று மார்க்கோவ் சங்கிலி (எழுத்துகள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை) வைத்துப் பார்க்கிறது. சாவிகள் இரண்டு மூன்றுதான் என்றால் ஊகம் தவறலாம், அப்போது நீங்களே டைப்ஸ்கிரிப்டின் ரெக்கோர்ட் (எந்தச் சாவியும் வரலாம் என்னும்) டைப்பாக மாற்றுங்கள்.

எல்லா டைப்பும் சரி, கம்பைலரும் ஓகே சொல்லுது, ஆனாலும் ரன்டைம்ல விழுது. அப்ப டைப் எதுக்கு?

கம்பைல் ஆனதும் டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் எல்லாம் அழிந்துவிடும். ஓடும் கோடில் ஒன்றும் மிஞ்சாது. ஃபெட்ச் செய்து (சேர்வரிடம் கேட்டு வாங்கி) வந்ததை இந்த டைப் என்று நீங்கள் சொன்னால், கம்பைலர் உங்கள் வாக்கை நம்புகிறது. சேர்வரை அது பார்த்ததே இல்லை. கோட்லினும் இதற்கு விலக்கல்ல: ஜேசனைப் பிரிக்கும் ஜிசன் (Gson) நூலகம் கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை முறையாக உருவாக்கும் பகுதி) தொடாமல் ஆப்ஜெக்டை உண்டாக்குவதால், நல் வரக்கூடாது என்று எழுதிய ஃபீல்டிலும் நல் வந்து உட்காரும். கோட்லினெக்ஸ் சீரியலைசேஷன் நூலகம் என்றால் அந்த இடத்திலேயே தடுத்துப் பிழை சொல்லும்.

ஆகவே தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒரு சோதனை வேண்டும். டைப்ஸ்கிரிப்டில் ஸாட் (Zod) போன்ற நூலகத்தில் ஸ்கீமாவை (தரவு எப்படி இருக்க வேண்டும் என்ற விதி) எழுதினால், சோதனையும் டைப்பும் ஒன்றிலிருந்தே கிடைக்கும். சாம்பிளிலிருந்து நேராக ஸாட் ஸ்கீமாவாகவே எழுதித் தர குவிக்டைப்பாலும் முடியும். வந்த பதிலை முதலில் அன்நோன் (unknown, டைப் இன்னும் தெரியாதது) என்று வாங்கி, ஸ்கீமா ஏற்றால் மட்டும் உள்ளே விடுங்கள். எல்லாப் பக்கத்திலும் இதைச் செய்யத் தேவையில்லை. காசு, ஆர்டர், லொகின் தொடர்பான பதில்களுக்கு மட்டுமாவது செய்யுங்கள்.

ஸ்வாகர் ஃபைல் இருக்கே, பிறகேன் சாம்பிள்? அதுவும், அதில இருந்து எடுத்தா எல்லாத்துக்கும் கேள்விக்குறி வருது.

ஸ்வாகர் ஃபைல் என்பது ஏபிஐ எதை அனுப்பும் என்று எழுதிய ஆவணம். அதை எழுதும் தரநிலையின் பெயர் ஓப்பன்ஏபிஐ. ஆவணம் இருந்தால் ஆவணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சாம்பிள் சொல்லாத நாலாவது ஸ்டேட்டஸை அது சொல்லும். கேள்விக்குறிக்குக் காரணம் எளிது: ஓப்பன்ஏபிஐயில் கட்டாயம் என்ற பட்டியலில் பெயர் இல்லாத ஃபீல்ட் எல்லாமே விருப்பத்துக்குரியது. எழுதியவர் அந்தப் பட்டியலை விட்டுவிட்டார். நல் விஷயத்திலும் பதிப்பைப் பாருங்கள்: 2017இல் வந்த 3.0இல் நல் ஆகலாம் என்று தனியே குறிக்க வேண்டும். 2021இல் வந்த 3.1இல் நல் என்பதை டைப்களில் ஒன்றாகவே எழுத வேண்டும். 3.0க்கு எழுதிய கருவி 3.1 ஃபைலைப் படித்தால் நல் காணாமல் போகலாம்.

அப்புறம், ஆவணம் எழுதிய நாளுக்குப் பின் சேர்வர் மாறியிருக்கலாம். ஆவணத்திலிருந்து டைப், உண்மைப் பதில்களை வைத்து அந்த டைப்புக்குச் சோதனை. இரண்டையும் இந்த வரிசையில் வைத்தால் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று உடனே தெரியும்.

ஒரே எண்ட்பாயிண்ட் வெற்றி எண்டா ஒரு மாதிரி, பிழை எண்டா வேற மாதிரி அனுப்புது. கருவி எல்லாத்தையும் ஒண்டாக் கலந்திட்டுது.

இரண்டு சாம்பிளையும் ஒன்றாகக் கொடுத்தால் கருவி பெரும்பாலும் ஒரே இன்டர்ஃபேஸ் எழுதி எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி போடும். தனித்தனியாகக் கொடுத்து இரண்டு டைப் எடுங்கள். பிறகு நீங்களே யூனியனாகச் சேருங்கள். வகையைச் சொல்லும் ஃபீல்ட் ஒன்றை ஒவ்வொன்றிலும் நிலையான மதிப்பாக எழுதுங்கள். அதைச் சோதித்ததும் எந்த ஃபீல்ட்கள் இருக்கும் என்று கம்பைலரே பிரித்துக்கொள்ளும். இந்த வேலையைக் கையால் செய்வதே நல்லது.

வந்த ஃபைல்ல சின்னத் திருத்தம் செய்தா பிழையா?

அடுத்த முறை கருவியை ஓட்டும்போது உங்கள் திருத்தம் போய்விடும். உருவான ஃபைலைத் தொடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு ஃபைல் வைத்து, அங்கிருந்து டைப்பை எடுத்து உங்கள் மாற்றத்தைச் சேருங்கள். மேலே சொன்ன யூனியனும் ரெக்கோர்டும் அங்கேதான் போக வேண்டும். உருவான ஃபைலையும் சாம்பிள்களையும் கிட்டில் (git, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்து வையுங்கள். சேர்வரில் என்ன மாறியது என்பது டிஃபில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் காட்சி) வரிவரியாகத் தெரியும்.

லைவ் சேர்வர் பதிலை ஆன்லைன் கன்வேர்ட்டர்ல ஒட்டினா ஏதும் பிரச்சினையா?

வாடிக்கையாளர் விபரம் இருந்தால் ஒட்டவே கூடாது. சில தளங்கள் உலாவியிலேயே வேலையை முடிக்கும், சில தங்கள் சேர்வருக்கு அனுப்பும். பார்த்தவுடன் எது எப்படி என்று தெரியாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம் ஒன்றுக்குள்ளேயே ஒருவர் பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. அதை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட நமக்கு உரிமை இல்லை.

கருவியை உங்கள் கணினியிலேயே நிறுவி ஓட்டுங்கள். கிட்டில் போகும் சாம்பிள்களில் பெயர், இலக்கம், விலாசம் எல்லாவற்றையும் பொய்யாக மாற்றுங்கள். ஆனால் வடிவத்தைக் கெடுக்காதீர்கள்: பழைய அட்டை இலக்கம் பழைய வடிவத்திலேயே, நல் நல்லாகவே, முன்னால் உள்ள பூச்சியம் அப்படியே இருக்கட்டும். ஏஐ உதவியாளரிடம் கொடுத்து டைப் எழுதச் சொல்வதற்கும் இதே விதிதான். அதோடு அது சாம்பிளில் இல்லாத ஃபீல்டையும் இருக்கும் என்று நினைத்து எழுதக்கூடும், ஆகவே அதன் விடையையும் ஸ்கீமாவால் சோதித்தே எடுங்கள்.

பேக்எண்ட் ஆக்கள் சொல்லாமக் கொள்ளாம மாத்திட்டா எப்பிடித் தெரியும்?

ஒவ்வொரு இரவும் ஸ்டேஜிங் (சோதனை) சேர்வரிலிருந்து அதே பதிவுகளை எடுத்து, டைப்பைத் திரும்ப உருவாக்கி, கிட்டில் உள்ளதோடு ஒப்பிடும் ஒரு வேலையை சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) வையுங்கள். வித்தியாசம் இருந்தால் பில்ட் சிவப்பாகட்டும். லைவ் ஆப்பில் வாசல் சோதனை தோற்றால் எந்த ஃபீல்ட், என்ன டைப் எதிர்பார்த்தோம், என்ன டைப் வந்தது என்ற மூன்றையும் லொக்கில் எழுதுங்கள்; வந்த மதிப்பை எழுத வேண்டாம், அது யாருடையவோ தொலைபேசி இலக்கமாக இருக்கலாம். அந்த லொக் வரியை அப்படியே பேக்எண்ட் குழுவுக்கு அனுப்பினால் வாக்குவாதம் இல்லாமல் வேலை முடியும்.